கதவைத் திறந்தும் கோழிகள் வெளியே போவதில்லை. பக்கத்துக் காணியையும் குத்தகைக்கு எடுக்கவா?

மல்லாவிப்பண்ணை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மல்லாவியில் அரை ஏக்கர் காணியில் 120 பிறவுண் லேயர் (முட்டைக்கென்று வளர்க்கும் கபிலநிறக் கோழி) வளர்க்கிறேன். முட்டையிடத் தொடங்கும் வயதில் வாங்கிய கோழிகள். கூண்டு கிடையாது, தகரக் கொட்டிலுக்குள் உமி போட்ட தரையில்தான் இருந்தன. வெளியில் மேய்ந்த கோழியின் முட்டை என்றால் யாழ்ப்பாணத்தில் சில கடைகள் கூடுதல் விலை தருகிறார்கள். அதனால் காணியைச் சுற்றிக் கம்பிவலை அடித்து, கொட்டிலின் கிழக்குச் சுவரில் ஒரு சின்னக் கதவு வைத்து, பகலில் திறந்து விடத் தொடங்கினேன்.

கோழிகள் கதவடியிலேயே கூடி நிற்கின்றன. அந்த இடத்தில் புல் எல்லாம் போய் மண் மொட்டையாகிவிட்டது. வேலிப் பக்கம் புல் முழங்கால் அளவு நிற்கிறது, அங்கே ஒரு கோழியும் போவதில்லை. காலை பத்து மணி தாண்டினால் எல்லாம் திரும்ப உள்ளே. காணி இயந்திரம் விட்டுத் துப்புரவாக்கிய வெறும் வெளி, மேற்கு மூலையில் ஒரு வேம்பு மட்டும் நிற்கிறது.

முட்டையும் குறைந்திருக்கிறது. சில முட்டைகளின் கோது கை பட்டாலே வெடிக்கிறது. சில கோழிகளுக்கு வாலடியில் இறகு கொத்துப்பட்டிருக்கிறது. மேய்ந்து தின்னும் என்று நினைத்துத் தீனைக் காற்பங்கு குறைத்திருக்கிறேன், அதையும் சொல்ல வேண்டும்.

பக்கத்தில் அரை ஏக்கர் பற்றைக்காணி குத்தகைக்கு வருகிறது. இடம் போதாமல்தான் இப்படியா? எடுத்தால் சரிவருமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

செட்டிகுளத்தான் எழுதியது:

தம்பி, நான் வேறு மாதிரிச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். லேயர் இனம் கூண்டுக்கென்றே உருவாக்கின கோழி. வெளியே விட்டால் ஓடி ஆடித் தீனைச் செலவழிக்கும், முட்டையைப் பற்றைக்குள் இடும், கீரியும் நரியும் பிடிக்கும், வயிற்றில் பூச்சி வரும். கூண்டில் இவை ஒன்றும் இல்லை. வெளியே விட ஆசையென்றால் ஊர்க்கோழி வளருங்கள், அது தன்பாட்டில் பிழைத்துக்கொள்ளும். குத்தகைக் காசை வீணாக்க வேண்டாம்.

---

குளத்தடி எழுதியது:

தம்பி, குத்தகை வேண்டாம் என்பதில் செட்டிகுளத்து அண்ணையோடு எனக்கும் ஒரே கருத்துத்தான். காரணம்தான் வேறு. நான் முத்தையன்கட்டு இடதுகரைப் பக்கம். மீள்குடியேறின காலத்தில் வாழ்வாதார உதவியாகத் தந்த கோழிகளோடு தொடங்கி, இன்றைக்கும் ஊர்க்கோழியும் பிறவுண் லேயரும் வைத்திருக்கிறேன். கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போகிறேன்.

உங்களிடம் இடம் தாராளமாக இருக்கிறது. கோழி பயன்படுத்துகிற இடம்தான் இல்லை. அரை ஏக்கரில் அவை நிற்பது கதவடியில் ஒரு துண்டு நிலத்தில். இன்னும் அரை ஏக்கரைச் சேர்த்தாலும் அதே துண்டில்தான் நிற்கும். உங்கள் செலவு கூடும், கோழிக்கு ஒன்றும் மாறாது.

ஏன் போவதில்லை என்று விளங்க வேண்டுமானால் எங்கள் காட்டுக்கோழியைப் பாருங்கள். மல்லாவியில் காட்டுக்கரை உங்களுக்குத் தூரம் இல்லையே. விடியப்புறமும் பொழுதுபடும் நேரமும் பற்றை ஓரமாக வந்து கிளறும். சருகு கிடக்கும் இடத்தில் இரண்டு கிளறு, ஒரு அடி பின்னால் வைத்து ஒரு பார்வை, ஒரு கொத்து, தலை மேலே. வெட்டவெளியைத் தாண்ட வேண்டுமென்றால் நடக்காது, கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடி அடுத்த பற்றைக்குள் போய்விடும். நடுப்பகலில் கண்ணிலேயே படாது. வீட்டுக் கோழியின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழியும் இதே சாதிதான், காட்டுக்குள் மரத்தின் கீழ் வாழ்ந்த பறவை. எத்தனை தலைமுறை முட்டைக்காகத் தெரிந்தெடுத்து வளர்த்தாலும் மேலே பருந்து நிழல் ஓடினால் லேயர் கோழியும் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு பதுங்கும். அதற்கு உங்கள் துப்புரவான காணி பயமான இடம்.

இரண்டாவது வெயில். எங்கள் பக்கத்துப் பங்குனி சித்திரை வெயிலும், பிறகு வரும் சோளகக் காற்றின் வறட்சியும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கோழிக்கு வியர்வை இல்லை. 30 பாகை தாண்டினால் வாயைப் பிளந்து இளைக்கத் தொடங்கும். நீங்கள் சொல்லும் மெல்லிய கோதும் இதோடு தொடர்புள்ளதுதான். இளைக்கும்போது உடம்பிலிருந்து காபனீரொட்சைட்டு அளவுக்கு மிஞ்சி வெளியே போகிறது, கோது செய்யத் தேவையான காபனேற்று இரத்தத்தில் குறைகிறது. வெயிலில் தீனும் குறைவாகத் தின்னும், அதோடு கல்சியமும் குறையும். மெல்லிய கோது, தோல்முட்டை எல்லாம் அப்போதுதான் வரும்.

சரி, செய்ய வேண்டியது என்ன? கதவடியிலிருந்து வேம்பு வரைக்கும் கோழி பயமில்லாமல் போக ஒரு நிழல் பாதை வேண்டும். மரம் வளரும் வரைக்கும் காத்திருக்க முடியாதுதானே. நான்கு கதியால் நட்டு மேலே கிடுகு கட்டிய பந்தல் போதும். உயரம் உங்கள் இடுப்பளவு இருந்தால் போதும், உயரமாகக் கட்டினால் நிழல் எங்கோ விழும். முதல் பந்தல் கதவை ஒட்டியே வர வேண்டும். அடுத்தது ஏழெட்டுக் காலடி தள்ளி. அதற்கடுத்தது அப்படியே. ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரிய வேண்டும், ஒரு ஓட்டத்தில் போய்ச் சேர வேண்டும். பந்தலுக்குக் கீழே தண்ணீர்ப் பானை வையுங்கள். தகரக் கொட்டிலுக்குள் கறுத்த பிளாஸ்டிக் தாங்கியிலிருந்து வரும் தண்ணீர் மத்தியானம் சுடும், கோழி குடிக்காது. தண்ணீர் குடிக்காத கோழி தீனும் தின்னாது. மண்பானைத் தண்ணீரை இரண்டு தரம் மாற்றினால் நல்லது.

கதவு ஒன்று போதாது. துணிந்த கோழி இரண்டு வாசலில் நின்றுகொண்டால் பின்னால் நிற்கும் பயந்தவை நாள் முழுக்க உள்ளேயே. எதிர்ப்புறச் சுவரில் இன்னொன்று வையுங்கள். காலையில் கிழக்குப் பக்கம் வெயில், பின்னேரம் மேற்குப் பக்கம் வெயில், எந்த நேரமும் ஒரு வாசல் நிழலில் இருக்கும்.

இறகு கொத்துவதைப் பற்றி. கோழிக்கு நாளில் பாதிக்கு மேல் கிளறிக் கொத்தித் தேடுவதுதான் வேலை. தேட ஒன்றும் இல்லாவிட்டால் அந்தக் கொத்து மற்றக் கோழியின் இறகுக்குப் போகும். இங்கிலாந்திலும் நெதர்லாந்திலும் பண்ணைகளில் பார்த்த ஆய்வுகளில், மந்தையில் எவ்வளவு கூடுதலான கோழிகள் வெளியே போகின்றனவோ அவ்வளவுக்கு இறகுக் கொத்தல் குறைவு என்று கண்டிருக்கிறார்கள். என் முற்றத்திலும் அதைத்தான் பார்க்கிறேன். ஆக வெளியே போகப் போக இது குறையும். அதுவரைக்கும் கொட்டிலுக்குள் கீரை, முருங்கைக் குழையைக் கட்டாகக் கட்டித் தலை உயரத்தில் தொங்க விடுங்கள். இரத்தம் தெரியும் கோழியை உடனே பிரித்து வையுங்கள், அதை விட்டால் மற்றவை ஓயாது.

வேம்படியில் புழுதி கிடந்தால் அதைத் தொடாதீர்கள். கூட்டிப் பெருக்கவும் வேண்டாம். மத்தியானத்தில் ஒரு கோழி அங்கே வந்து படுப்பதைக் கிட்ட நின்று பாருங்கள். முதலில் அலகால் மண்ணைத் தன் பக்கம் இழுக்கும். பிறகு நெஞ்சை அழுத்திக் குந்தி, இறகுகளை விரித்து, ஒரு பக்கம் சரிந்து, காலால் புழுதியை இறகுக்குள் எற்றும். தலையைத் தரையில் தேய்க்கும். கண் பாதி மூடியிருக்கும். கொஞ்ச நேரம் செத்தது போலக் கிடக்கும், முதல் தரம் பார்ப்பவர்கள் பயந்துவிடுவார்கள். அரை மணி நேரம் வரைக்கும் இப்படிக் கிடந்துவிட்டு எழும்பி ஒரு உதறு உதறும், புழுதி புகைபோலப் பறக்கும். பழைய எண்ணெயும் பேனும் அதோடு போகும். ஏறத்தாழ இரண்டு நாளைக்கு ஒரு தரம் அதற்கு இந்தக் குளிப்பு வேண்டும். கூண்டுக்குள் மண் இல்லாவிட்டாலும் கம்பியின் மேலேயே இப்படிப் புரண்டு பார்க்கும். அதைக் கண்ட பிறகு கூண்டு என்ற பேச்சுக்கே எனக்கு மனம் வருவதில்லை, அண்ணை கோபிக்கக் கூடாது.

தீன் விசயத்துக்கு வருகிறேன், முட்டை குறைந்ததற்குப் பெரிய காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். ஊர்க்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டு அவயத்துக்குப் படுத்துவிடும். வருடத்துக்கு அது இடும் முட்டை ஒரு கணக்கு, உங்கள் பிறவுண் இடும் 300 அளவு வேறு கணக்கு. கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் ஒரு முட்டை செய்கிற உடம்புக்குப் புல்லும் பூச்சியும் காணாது. புல்லால் இரைப்பை நிறையும், புரதம் நிறையாது. ஒரு கோழிக்கு 110 முதல் 120 கிராம் லேயர் தீன் என்ற கணக்கைக் குறைக்காதீர்கள். வெளியே கிடைப்பதை மேலதிகமாக நினையுங்கள். வெயில் ஏற முன் ஒரு பங்கு, பொழுது சாயும்போது ஒரு பங்கு. சிப்பித்தூளைத் தனிச் சட்டியில் பின்னேரம் வையுங்கள். கோது இறுகுவது பெரும்பாலும் இரவில், அந்த நேரம் இரைப்பையில் சிப்பி இருக்க வேண்டும். முல்லைத்தீவுக் கடற்கரைச் சிப்பி கிடைத்தால் நல்லாய்க் கழுவி உப்புப் போக்கி, இடித்துப் போடலாம். மாவாக இடிக்காமல் பருக்கையாக விடுங்கள், அதுதான் இரைப்பையில் நின்று மெல்லக் கரையும்.

முழங்கால் உயரப் புல்லை வெட்டிவிடுங்கள். முற்றிய நீட்டுப் புல்லைத் தின்றால் கழுத்துப் பையில் உருண்டையாய் அடைத்துக்கொள்ளும். கணுக்காலளவு தளிர்ப் புல்தான் கோழிக்கு மேய்ச்சல்.

---

ஓய்வுபெற்ற போதனாசிரியர் எழுதியது:

கால்நடைப் போதனாசிரியராக வேலை செய்தவன் என்ற முறையில் தம்பியின் இடக் கணக்கை மட்டும் போட்டுக் காட்டுகிறேன்.

அரை ஏக்கர் என்றால் ஏறக்குறைய 2,020 சதுர மீட்டர். 120 கோழிக்குப் பிரித்தால் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட 17 சதுர மீட்டர். ஐரோப்பிய ஒன்றியத்தின் முட்டை விற்பனை விதியில் வெளியே மேயும் லேயருக்குக் குறைந்தது 4 சதுர மீட்டர், அதாவது ஒரு ஹெக்டெயருக்கு 2,500 கோழி. அவுஸ்திரேலியாவில் 2018 முதல் ஒரு ஹெக்டெயருக்கு 10,000 வரை போகலாம், கோழிக்கு ஒரு சதுர மீட்டர்தான். எங்கள் பரப்புக் கணக்கில் (பதினாறு பரப்பு ஒரு ஏக்கர்) சொன்னால் ஐரோப்பிய அளவில் ஒரு பரப்புக் காணிக்கு அறுபது கோழி. ஆக நீங்கள் நான்கு மடங்கு இடம் வைத்திருக்கிறீர்கள். காணி எடுக்க ஒரு தேவையும் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999ஆம் ஆண்டு விதியில் கதவுக்கும் அளவு உண்டு. உயரம் 35 சென்ரிமீட்டர், அகலம் 40 சென்ரிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஆயிரம் கோழிக்கு மொத்த அகலம் 2 மீட்டர். உங்கள் எண்ணிக்கைக்கு ஒரு கதவே கணக்குக்குப் போதும், ஆனாலும் குளத்தடித் தங்கச்சி சொன்னபடி இரண்டு வையுங்கள். நடைமுறையில் அதுதான் நல்லது.

பண்ணை பெருக்க நினைத்தால் ஒன்றை மனதில் வையுங்கள். மந்தை பெரிதாகப் பெரிதாக வெளியே வரும் கோழிகளின் விகிதம் குறையும். ஆயிரக்கணக்கில் வளர்க்கும் பண்ணைகளில் எந்த நேரம் போய்ப் பார்த்தாலும் சிறு பங்குதான் வெளியில் நிற்கும். 120 என்பது நல்ல எண்ணிக்கை.

செட்டிகுளத்துத் தம்பி சொன்னதிலும் உண்மை இருக்கிறது. வெளியே விட்ட மந்தையில் தீன் செலவு கூடும், இழப்பும் கூண்டை விடக் கூடுதலாக வரலாம், அழுக்கு முட்டையும் வரும். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் கூண்டு முன்னுக்கு நிற்கும். ஆனால் கூண்டுக் கோழியின் எலும்பு ஓட்டமும் பறப்பும் இல்லாமல் மெலிந்து போகிறது, பிடித்துத் தூக்கும்போதே கால் செட்டை முறிந்த கோழிகளைப் பார்த்திருக்கிறேன். ஐரோப்பாவில் வெறும் கம்பிக் கூண்டை 2012 முதல் தடை செய்தது இப்படியான காரணங்களால்தான். நடந்து, குதித்து, ஏறி இறங்கும் கோழிக்கு எலும்பு பலம்.

வெளியே விட முதல் ராணிக்கெட் என்ற கோழி நோய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கோழி அம்மைக்கும். தீனையும் தண்ணீரையும் கூரைக்குக் கீழேதான் வையுங்கள், காகமும் மற்றப் பறவைகளும் வந்து கலந்து தின்ன விடாதீர்கள்.

---

மல்லாவிப்பண்ணை எழுதியது:

மிக்க நன்றி. தீனை இன்றைக்கே பழைய அளவுக்குக் கூட்டிவிட்டேன். கிடுகு இருக்கிறது, பந்தல் வேலையும் தொடங்கலாம்.

அக்கா, இன்னும் சில கேள்விகள். விடியவும் பின்னேரமும்தான் மேய்ச்சலுக்கு நல்ல நேரம் என்றால் விடியவே திறக்க வேண்டும். ஆனால் காலையில்தானே முட்டையிடும்? பற்றை, பந்தல் எல்லாம் வந்தால் அங்கேயே இட்டுவிடாதா? மாரி தொடங்கினால் கதவடி சேறாகிவிடும், அப்போது என்ன செய்வது? நிழலுக்கு வாழை வைக்கலாம் என்று அப்பா சொல்கிறார், ஆனால் எங்கள் பக்கம் யானை வருகிறது. கீரிக்கு என்ன வழி?

---

செட்டிகுளத்தான் எழுதியது:

பூச்சிக் கதையையும் சொல்லுங்கள். ஒரே நிலத்தில் கோழி நின்றால் குடற்புழு விடாது. நான் வெளியே விடுவதை நிறுத்தினதே அதனால்தான்.

---

குளத்தடி எழுதியது:

அண்ணை கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன், நியாயமான கேள்வி. உருண்டைப் புழுவின் முட்டை எச்சத்தோடு மண்ணில் விழுந்து மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். இரத்தக் கழிச்சல் கிருமியும் ஈரமும் சூடும் சேர்ந்தால் பெருகும். எங்கே கூடுதலாகக் கிடக்கும்? கோழி கூடி நிற்கும் கதவடியில். 120 கோழியின் எச்சம் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ வரும், அது அரை ஏக்கரில் பரவினால் பசளை, பத்தடிக்குள் விழுந்தால் நஞ்சு. அதனால்தான் பரந்து மேய வைப்பது கோழியின் சந்தோசத்துக்கு மட்டும் என்று நினைக்கக் கூடாது. புழுவுக்கும் அதுதான் முதல் மருந்து.

காணியை வலையால் மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்கில் மேயும்போது மற்ற இரண்டும் ஆறட்டும். எங்கள் கோடை வெயில் இதில் பெரிய உதவி. வெட்டிவிட்ட புல்லுக்குள் வெயில் இறங்கி மண் காய்ந்தால் புழு முட்டை நிறையச் சாகும். மாரியில் அந்த உதவி இல்லை. ஆகவே மாரி தொடங்க முதலும் முடிந்த பிறகும் எச்சத்தை மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டி, அவர் சொல்லும் மருந்தைக் கொடுங்கள். மருந்து கொடுத்த பிறகு எத்தனை நாள் முட்டை விற்கக் கூடாது என்பதையும் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் முட்டையைப் பிள்ளைகள் தின்கிறார்கள்.

தம்பி, முட்டை நேரம். லேயருக்கு 16 மணி நேர வெளிச்சம் தேவை. எங்கள் பக்கத்தில் எந்த மாதமும் பகல் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டியே நிற்கும். மிச்சத்தை லைற் போட்டுத்தான் நிரப்புகிறோம். அந்த வெளிச்சத்தின் பெரும்பங்கை விடியப்புறத்துக்கு மாற்றுங்கள். 4 மணிக்கு முதலே லைற் எரிந்தால் கோழிக்கு அதுதான் விடியல், முட்டையும் அந்தக் கணக்கில் முந்தும். எட்டு, எட்டரைக்குள் கூடுதலானவை பெட்டிக்குள் இட்டு முடிந்துவிடும், பிறகு கதவைத் திறக்கலாம். பின்னேரம் நாலு மணியிலிருந்து பொழுதுபடும் வரைக்கும் தடையில்லாத மேய்ச்சல். நடுப்பகலில் கதவு திறந்தே இருக்கட்டும், பந்தலுக்குக் கீழே புழுதி குளிக்க வரும். லைற் நேரத்தை ஒரே நாளில் மாற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்கு நகர்த்துங்கள், இல்லாவிட்டால் கோழி குழம்பி முட்டை குறையலாம்.

முட்டைப் பெட்டி கொட்டிலின் இருட்டான மூலையில் இருக்க வேண்டும், ஏழு கோழிக்கு ஒன்று. உள்ளே வைக்கோல். கோழி தேடுவது மறைவும் இருட்டும்தான், அது உள்ளேயே கிடைத்தால் பற்றைக்குப் போகாது. அப்படியும் ஒன்றிரண்டு வெளியே இடப் பழகும். அது போகும் இடத்தைக் கண்டுபிடித்து அந்தப் பற்றையின் அடியைத் துப்புரவாக்கி வெளிச்சம் படவிடுங்கள். வெளியில் கிடந்து எடுத்த முட்டையை விற்கும் முட்டையோடு சேர்க்க வேண்டாம், எத்தனை நாள் கிடந்ததோ யாருக்குத் தெரியும்.

மாரிக்குக் கிறவல். கதவுக்கு முன்னால் ஆறேழு அடி அகலத்துக்குக் கிறவல் கொட்டி, கொட்டிலிலிருந்து வெளிப்பக்கம் சரிவாக மட்டப்படுத்துங்கள். கூரைத் தண்ணீர் அந்தப் பக்கம் விழாமல் பீலி போடுங்கள். அதன் மேல் வரும் கோழியின் காலில் சேறு குறையும், முட்டையும் துப்புரவாக இருக்கும். கார்த்திகையில் விடாமல் அடிக்கும் மழையில் கதவைத் திறந்தாலும் அவை போகாது. அந்த நாட்களில் உமிக்குள் குறுணலைத் தூவிக் கிளற விடுங்கள், உமி கட்டிபடாமலும் இருக்கும்.

நிழல் மரம். யானை வரும் ஊரில் வாழை வேண்டாம், அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். வாழைக்கு வந்த யானை வேலியையும் கொட்டிலையும் சேர்த்துத்தான் முறிக்கும். தேசி (எலுமிச்சை) வையுங்கள், அதை யானை அவ்வளவு தொடுவதில்லை. தாழப் படர்ந்து முள்ளோடு வளரும், பருந்து இறங்க முடியாது, அதனடியில் கோழி நிம்மதியாய் நிற்கும். முருங்கைத் தடி நட்டால் ஒரு மாரியிலேயே தழைக்கும், குழையும் தீனாகும். வேலியோரம் கிளுவை. கறிவேப்பிலையும் நல்லாய் வரும். கதவடியிலிருந்து வேம்பு வரைக்கும் இரண்டு வரிசையாக நடுங்கள், நடுவில் பந்தல்கள். மரம் வளர வளரப் பந்தலைக் கழற்றி அடுத்த பங்குக்குக் கொண்டுபோகலாம். கன்றின் அடியைச் சுற்றிக் கல் அடுக்காமல் விட்டால் கோழி கிளறி வேரை வெளியே எடுத்துவிடும்.

கீரி பகலில் வரும், நரி விடியலிலும் பொழுதுபடும் நேரத்திலும், மரநாய் இரவில். ஆகவே இருட்ட முதல் எல்லாம் உள்ளே, கதவு பூட்டு. கோழி தானாகவே ஏறி அடையும், நீங்கள் எண்ணிப் பூட்டினால் போதும். கம்பிவலையின் அடியை ஒரு சாண் மண்ணுக்குள் புதைத்து வெளிப்பக்கம் மடியுங்கள். கீரி தோண்டும்போது வலையில் நகம் படும், விட்டுவிட்டுப் போகும். கொட்டில் சுவருக்குப் பக்கத்தில் விறகு, தகரம், கல் குவிக்காதீர்கள். கீரிக்கும் பாம்புக்கும் அதுதான் வீடு. ஒரு நல்ல நாய் குட்டியிலிருந்தே கோழியோடு வளர்ந்தால் அதைவிடக் காவல் வேறு இல்லை. குரங்கு வந்தால் முட்டைப் பெட்டிக்குள்ளேயே கையை விடும், அதற்கு நாய் ஒன்றுதான் வழி.

சேவலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சந்தைக்கு முட்டை வளர்ப்பவர்கள் சேவல் தண்டத் தீன் என்பார்கள். வெளியே விடும் மந்தைக்கு மூன்று நான்கு ஊர்ச் சேவல் இருந்தால் வித்தியாசம் தெரியும். சேவல் முன்னால் போய் நின்று பார்க்கும், வானத்தில் ஒன்று அசைந்தால் ஒரு நீட்டுக் குரல் கொடுக்கும், எல்லாம் பந்தலுக்குள். தின்ன நல்லது கண்டால் கொக் கொக் என்று கூப்பிட்டுப் பேட்டுக்குக் காட்டும். பயந்த கோழியும் அந்தச் சத்தத்துக்குப் பின்னால் போகும். கரு கட்டும் என்பதால் முட்டையை நாள்தோறும் எடுத்துக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் சரி.

ஒன்று மட்டும் பொறுப்போடு சொல்கிறேன். பிறகு எப்போதாவது அந்தப் பற்றைக்காணியை எடுக்க நினைத்தால், மிதிவெடி அகற்றி முடித்த காணியா என்று பிரதேச செயலகத்தில் கேட்டு உறுதிப்படுத்தாமல் காலை வைக்காதீர்கள். பிள்ளைகளையும் விடாதீர்கள்.

---

மல்லாவிப்பண்ணை எழுதியது:

அக்கா, குத்தகை வேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டேன். அந்தக் காசில் வலையும் தேசிக் கன்றும் எடுக்கப் போகிறேன். முதல் பந்தல் கதவடியில் கட்டியாயிற்று. பின்னேரம் பதினைந்து இருபது கோழி அதைத் தாண்டி வெளியே நின்றன, மற்றவை பந்தலுக்குள். முட்டை கூடினதாக இன்னும் தெரியவில்லை.

கன்று எப்போது வைப்பது? இப்போதே வைத்தால் தண்ணீர் இறைக்க வேண்டும், கிணறும் கீழே போய்விட்டது.

---

குளத்தடி எழுதியது:

முட்டைக்கு அவசரப்படாதீர்கள் தம்பி. குறைந்த தீனில் நின்ற உடம்பு தேற இரண்டு மூன்று கிழமை போகும். முதலில் கோது சரிவரும், எண்ணிக்கை பிறகுதான். சிப்பிச் சட்டி காலியாகிற வேகத்தைப் பார்த்தாலே உங்களுக்கு விளங்கும்.

கன்றை இந்த வெயிலில் வைக்க வேண்டாம். இப்போது குழியை மட்டும் வெட்டி ஆறவிடுங்கள், இரண்டடிக்கு இரண்டடி. கொட்டிலில் இருந்து அள்ளும் பழைய உமியைச் சருகோடு கலந்து ஒரு மூலையில் குவித்து மக்க வையுங்கள். புது எச்சத்தைக் குழியில் போட்டால் வேர் கருகும். புரட்டாதிக் கடைசியில் மக்கினதைக் குழிக்குள் போட்டு, ஐப்பசி மழை இரண்டு விழுந்து மண் நனைந்ததும் நடுங்கள். தேசி நாற்றுமேடையில் வாங்குவதென்றால் ஒட்டுக் கன்றாகக் கேளுங்கள். முருங்கைத் தடி காசு கொடுத்து வாங்காதீர்கள், மாங்குளம் பக்கம் வரும்போது சொல்லுங்கள், எங்கள் வேலியில் வேண்டிய மட்டும் வெட்டித் தருகிறேன்.